பியெல்சா ஆட்டத்தை உங்க டீமுக்கு கொண்டு வர்றது எப்படி: ஓட விடுறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க

ஃபுட்பால் கோச் மார்செலோ பியெல்சா டீம் ஆடுற மேட்ச் ஒண்ணு ரெண்டு பாத்துட்டு நிறைய பேர் செய்ற முதல் வேலை என்னன்னா, அடுத்த நாள் காலைல பசங்களை கிரவுண்டை சுத்தி பத்து ரவுண்ட் ஓட விடுறது. அவர் கோச்சா இருந்த இங்கிலாந்து கிளப் லீட்ஸ் ஆளுங்க தொண்ணூறு நிமிஷமும் ஓடினாங்கல்ல, அதான் ரகசியம்னு நினைச்சுடுறாங்க. ஓட்டம் முக்கியம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க எதுக்கு ஓடுறாங்கன்னு தெரியாம ஓடினா மூச்சு வாங்குறதைத் தவிர ஒண்ணும் மிஞ்சாது. பியெல்சா கணக்கு ரொம்ப சின்னது, பேப்பர்ல பென்சில் வச்சு போட்டுடலாம், அந்தக் கணக்கு முடிஞ்சப்புறம்தான் ஓட்டம் வரும்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1955ல அர்ஜென்டினா ரொசாரியோல பிறந்தவர். நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ்ல கோச்சா ஆரம்பிச்சு ரெண்டே வருஷத்துல பேர் வாங்கினவர், இப்போ அந்த கிளப் ஸ்டேடியத்துக்கே அவர் பேருதான். அப்புறம் அர்ஜென்டினா, சிலி, அத்லெடிக் பில்பாவ், மார்செய், லீட்ஸ், 2023ல இருந்து உருகுவே. பட்டப்பேரு எல் லோகோ, அதாவது பைத்தியக்காரன். இந்தக் கைடுக்கு நான் லீட்ஸ் காலத்தை எடுத்துக்கிறேன், 2018 ஜூன்ல இருந்து 2022 பிப்ரவரி வரைக்கும். காரணம், அங்க அவருக்கு கிடைச்சது சூப்பர் ஸ்டாருங்க இல்ல. முந்தின சீசன்ல இரண்டாம் டிவிஷன்ல 13வது வந்த டீம், பெரும்பாலும் அதே ஆளுங்க, அவங்களை வச்சே முதல் வருஷம் 3வது, அடுத்த வருஷம் சாம்பியன், 16 வருஷத்துக்கு அப்புறம் பிரீமியர் லீக். சாதாரண ஆளுங்களை வச்சு என்ன செய்யலாம்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் இல்ல.

சரி, கணக்குக்கு வருவோம்.

எதிர் டீம் எத்தனை ஸ்டிரைக்கர் (கோல் போட முன்னாடி நிக்கிறவங்க) வச்சு ஆடுறாங்கன்னு முதல்ல பாருங்க. அதைவிட ஒரு ஆள் அதிகமா உங்க டிஃபென்ஸ் நடுவுல இருக்கணும். ஒரு ஸ்டிரைக்கர்னா ரெண்டு சென்டர் பேக், ரெண்டு ஸ்டிரைக்கர்னா மூணு. அவ்ளோதான். அந்த அதிகப்படியான ஒரு ஆளுக்கு மார்க் பண்ண யாரும் கிடையாது, அவன் ஃப்ரீ, எங்க ஓட்டை விழுதோ அங்க போய் அடைக்கிறது அவன் வேலை. மத்த எல்லாரும் ஆளுக்கு ஒரு ஆளைப் பிடிச்சுக்கணும், கிரவுண்ட் முழுக்க.

இதை எழுதிப் பாத்தாதான் புரியும். எதிர் டீம் 4-2-3-1 ஆடுறாங்கன்னு வைங்க (கீப்பரை விட்டுட்டு, பின்னாடி இருந்து முன்னாடி ஒவ்வொரு வரிசைலயும் எத்தனை பேர்ங்கிறதுதான் இந்த நம்பர்). நீங்க 4-1-4-1. உங்க சென்டர் பேக் ஒருத்தன் அவங்க ஸ்டிரைக்கரைப் பிடிக்கிறான், இன்னொருத்தன் ஃப்ரீ. உங்க ஃபுல்பேக் (ஓர டிஃபெண்டர்) ரெண்டு பேரும் அவங்க விங்கர் (ஓரத்துல ஏறி ஆடுறவங்க) ரெண்டு பேரை. டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்கிற உங்க ஒத்த மிட்ஃபீல்டர் (லீட்ஸ்ல கால்வின் ஃபிலிப்ஸ்) அவங்க நம்பர் 10ஐ, அதாவது ஸ்டிரைக்கருக்குப் பின்னாடி ஆடுறவனை. உங்க மத்த ரெண்டு மிட்ஃபீல்டரும் அவங்க டபுள் பிவட்டை, அதாவது டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்கிற மிட்ஃபீல்டர் ரெண்டு பேரை. உங்க விங்கருங்க அவங்க ஃபுல்பேக்கை. எண்ணிப் பாருங்க, ஒன்பது பேர் ஆச்சு. மிச்சம் இருக்கிறது உங்க ஸ்டிரைக்கர் ஒருத்தன், அவங்க சென்டர் பேக் ரெண்டு பேர். பின்னாடி ஒரு ஆள் அதிகம் வச்சதுக்கு விலை இது, முன்னாடி ஒரு ஆள் குறையும். இந்த ஒத்த ஆள் ரெண்டு பேரை சமாளிக்கிறதுலதான் மொத்த சிஸ்டமும் நிக்குது, அதுக்கு பிறகு வரேன்.

எதிர் டீம் 4-4-2ன்னா நீங்க 3-3-1-3. பின்னாடி மூணு பேர்ல ரெண்டு பேர் ஸ்டிரைக்கருங்களைப் பிடிக்க ஒருத்தன் ஃப்ரீ. நடு மூணு பேர்ல ஓரத்துல இருக்கிற ரெண்டு பேரும் அவங்க வைட் மிட்ஃபீல்டரை, நடுவுல இருக்கிறவனும் அவனுக்கு முன்னாடி நிக்கிற நம்பர் 10ம் சேர்ந்து அவங்க சென்ட்ரல் மிட்ஃபீல்டர் ரெண்டு பேரை, விங்கருங்க ஃபுல்பேக்கை, மறுபடியும் உங்க ஸ்டிரைக்கர் ஒத்தையா ரெண்டு சென்டர் பேக்கோட. டிவில பாக்குறப்போ லீட்ஸ் ஏன் வாராவாரம் ஃபார்மேஷன் மாத்துதுன்னு கமென்ட்ரில குழம்புவாங்க. கொள்கை மாறவே இல்ல, எதிர்ல நிக்கிறவங்க எண்ணிக்கைதான் மாறுச்சு. ஃபிலிப்ஸ் சில மேட்ச்ல திடீர்னு டிஃபென்ஸ் லைனுக்குள்ள இறங்கி மூணாவது ஆளா நிப்பான், எதிர்ல ரெண்டு ஸ்டிரைக்கர் இருந்தா.

உங்க டீமுக்கு இதைக் கொண்டு வரும்போது ஜோடி சேர்க்கிற வேலையை பொசிஷன் பேரை வச்சு செய்யாதீங்க, கால் வேகத்தை வச்சு செய்யுங்க. அவங்க லெஃப்ட் விங்கர் புயலா ஓடுறவன்னா உங்க டீம்லயே வேகமானவன் ரைட் பேக்ல நிக்கணும், அவன் இதுக்கு முன்னாடி விங்கரா ஆடினவனா இருந்தாலும் பரவால்ல. பியெல்சாவே ஆளுங்களை இடம் மாத்துறதுல பேர் போனவர். பில்பாவ்ல மிட்ஃபீல்டர் ஜாவி மார்ட்டினெஸை சென்டர் பேக் ஆக்கினார், லீட்ஸ்ல ஸ்டுவர்ட் டல்லஸ் லெஃப்ட் பேக், ரைட் பேக், நடுவுலன்னு ஆடாத இடமே இல்ல. ஃபிலிப்ஸும் அதுக்கு முன்னாடி மேலயும் கீழயும் ஓடிட்டு இருந்த மிட்ஃபீல்டர்தான், அவனை ஒரு இடத்துல நிறுத்தி வச்சதுக்கு அப்புறம் பிரீமியர் லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடுறதுக்கு முன்னாடியே இங்கிலாந்துக்கு ஆடினான், 2020 செப்டம்பர்ல.

மேட்ச் அன்னைக்கு ஒவ்வொருத்தன்கிட்டயும் தியரி பேசாதீங்க. "உன் ஆளு 8ம் நம்பர், அவன் டாய்லெட் போனாலும் கூட போ" அப்டின்னு சொன்னா போதும். ஆனா ஒரு விதிவிலக்கு நானா சேர்த்துப்பேன், பியெல்சா ரசிகருங்க அடிக்க வந்தாலும் பரவால்ல. பால் அந்தப் பக்க டச்லைன்ல இருக்கிறப்போ இந்தப் பக்க ஆளு தன் ஆளை ஒட்டிக்கிட்டே நிக்க வேணாம், ரெண்டு மூணு அடி உள்ள வரட்டும். ப்ரொஃபஷனல் ஆளுங்க எதிர்ல அப்படி உள்ள வந்தா நாப்பது மீட்டர் பாஸ் ஒண்ணு போட்டு கொன்னுடுவாங்க. உங்க லீக்ல அந்த பாஸை துல்லியமா போடுற ஆளு எத்தனை பேர் இருக்காங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இப்போ அந்த ஸ்டிரைக்கர் விஷயம். லீட்ஸ்ல இது பேட்ரிக் பாம்ஃபோர்ட் வேலை. கோல் மிஸ் பண்றான் மிஸ் பண்றான்னு அவனைத் திட்டாத ஆளில்ல, பியெல்சா அவனை விடவே இல்ல, ஏன்னா பால் இல்லாதப்போ அவன் செய்ற வேலையை வேற யாராலயும் செய்ய முடியல. ரெண்டு சென்டர் பேக்ல ஒருத்தன்கிட்ட பால் இருக்கு. நேரா அவனை நோக்கி ஓடினா அவன் பக்கத்துல இருக்கிற இன்னொருத்தனுக்கு தட்டிட்டுப் போயிடுவான், நீங்க திரும்ப அங்க ஓடணும், பத்து நிமிஷத்துல செத்துடுவீங்க. அதனால வளைஞ்சு ஓடணும். ரெண்டு சென்டர் பேக்குக்கும் நடுவுல இருக்கிற பாஸ் வழியை முதுகால அடைச்சுக்கிட்டே, பால் வச்சிருக்கிறவனை ஓரத்துக்கு தள்ளணும். அப்போ அவனுக்கு மிச்சம் இருக்கிறது தன் பக்க ஃபுல்பேக், இல்ல நடுவுல ஒரு மிட்ஃபீல்டர், ரெண்டு பேர் மேலயும் ஏற்கனவே உங்க ஆளு ஒட்டிட்டு நிக்கிறான். ஒண்ணு தப்பா பாஸ் போடுவான், இல்ல கண்ணை மூடிட்டு தூக்கி அடிப்பான், தூக்கி அடிச்சா அங்க உங்க ஃப்ரீ ஆள் காத்துட்டு இருக்கான்.

இதுக்கு ட்ரெயினிங் ரொம்ப சுலபம். கோல்கீப்பர், ரெண்டு சென்டர் பேக் ஒரு டீம், உங்க ஸ்டிரைக்கர் மட்டும் எதிர்ல. பெனால்டி பாக்ஸ் அகலத்துக்கு கோன் வச்சுடுங்க. சென்டர் பேக்குங்க ஒருத்தருக்கொருத்தர் பாஸ் போட்டு அந்த கோன் லைனைத் தாண்டி பாலை உருட்டிக்கிட்டே போகணும், ஸ்டிரைக்கர் பாலைப் பிடுங்க வேணாம், ஒரு பக்கத்துல மாட்ட வச்சா அவனுக்குப் பாயிண்ட். அரை நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் ஓய்வு. எல்லா ஸ்டிரைக்கரும் மாறி மாறி செய்யட்டும். விங்கருங்களையும் செய்ய வைங்க, மேட்ச்ல எப்போ யாரு அந்த இடத்துல மாட்டுவாங்கன்னு சொல்ல முடியாது.

அடுத்தது இந்த சிஸ்டத்தோட பெரிய பயம், ஆளு தாண்டிப் போயிட்டா? ஆளுக்குப் பதிலா ஆளுக்கொரு இடத்தைக் காக்கிற ஸோன் டிஃபென்ஸ்ல ஒருத்தன் ஏமாந்தா பக்கத்துல ஒருத்தன் இருப்பான். இங்க பக்கத்துல இருக்கிறவனுக்கும் ஒரு ஆளு இருக்கான், அவனை விட்டுட்டு வந்தா அந்த ஆளு ஃப்ரீ. 2020 டிசம்பர்ல ஓல்ட் டிராஃபோர்ட் மேட்ச் கிடைச்சா பாருங்க, மான்செஸ்டர் யுனைடெட் 6, லீட்ஸ் 2. மூணு நிமிஷம் முடியிறதுக்குள்ள மெக்டொமினே ரெண்டு கோல் போட்டான். யுனைடெட் ஆளுங்க லீட்ஸ் மிட்ஃபீல்டருங்களை அங்கயும் இங்கயும் இழுத்துட்டுப் போனாங்க, நடுவுல ஒரு ஹைவே மாதிரி தொறந்து கிடந்துச்சு, பின்னாடி இருந்து ஓடி வந்தவனைப் பிடிக்க வேண்டிய ஆளு ஒரு அடி லேட். ஒரு அடிதான். இந்த ஆட்டத்துல ஒரு அடிக்கு அவ்ளோ விலை.

அதனால ஒரு செயின் ரூல் முன்கூட்டியே பேசி வைக்கணும். ஆள் தாண்டிட்டா பாலுக்குக் கிட்ட இருக்கிறவன், அது பெரும்பாலும் ஃப்ரீ ஆள், தன் வேலையை விட்டுட்டுப் பாலை நோக்கி வரணும். ஏமாந்தவன் தலைல கை வச்சு நிக்கக்கூடாது, அவன் ஃபுல் ஸ்பீட்ல பின்னாடி ஓடி, உதவிக்கு வந்தவன் விட்டுட்டு வந்த இடத்தையோ ஆளையோ பிடிக்கணும். பியெல்சா டீமுங்க அதிகமா ஓடுற ஓட்டம் இதுதான் என் கண்ணுக்கு, முன்னாடி ஓடுறது இல்ல, ஏமாந்த பிறகு பின்னாடி ஓடுறது.

பழக்க ஒரு விளையாட்டு இருக்கு. இருபதுக்கு இருபத்தஞ்சு மீட்டர் கட்டம், நாலுக்கு நாலு, சின்ன கோல் ரெண்டு. ஒவ்வொருத்தனுக்கும் எதிர் டீம்ல ஒரு ஜோடி. உன் ஜோடிகிட்ட இருந்து மட்டும்தான் நீ பாலைப் பிடுங்கலாம், வேற யாரையும் தொடக்கூடாது. கோல் விழுந்தா, போட்டவனோட ஜோடி யாரோ அவன் பேரை சத்தமா சொல்லுங்க, வேற தண்டனை வேணாம், பேரை சொன்னாலே போதும். நாலு நிமிஷம் ஆடிட்டு நிறுத்துங்க. அப்புறம் ரெண்டாவது ரவுண்ட்ல ஒவ்வொரு டீமுக்கும் ஜோடி இல்லாத ஒரு ஆளை சேருங்க, அவன் மட்டும் யாரை வேணா தொடலாம். முதல் ரவுண்ட்ல தலை சுத்தினவங்களுக்கு ரெண்டாவது ரவுண்ட்ல ஃப்ரீ ஆள் எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாமலே புரியும்.

பால் கிடைச்ச பிறகு என்ன? இதை சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா மேல சொன்னது சரியா வந்தா இது பாதி தானா வரும். எதிர் ஆளுங்க எல்லாரும் உங்க ஆளுங்க பக்கத்துலயே நிக்கிறாங்க, பாலைப் பிடுங்கின அடுத்த நொடி அவங்க எல்லாம் தப்பான பக்கம் பாத்துட்டு இருப்பாங்க. அப்போ முன்னாடி ஓடணும், எல்லாரும், ஃபுல்பேக் உட்பட. முதல் பாஸ் முன்னாடி போகணும். லீட்ஸ் அடிக்கடி செஞ்சது, ஓரத்துல மூணு பேர் சேர்ந்து முக்கோணமா நின்னு, ஒருத்தன் பாஸ் போட்டு, ரெண்டாவது ஆள் ஒரே தொடுதல்ல திருப்பி விட, யாருமே பாக்காத மூணாவது ஆள் உள்ள ஓடி வாங்குறது. டிரில் போடும்போது டிஃபெண்டர் இல்லாம கோனை வச்சு முதல்ல போடுங்க, பியெல்சாவும் கம்பையும் டம்மியையும் நட்டு வச்சு இதே ஓட்டத்தை திரும்பத் திரும்ப ஓட விடுறவர்தான். போர் அடிக்கும், பசங்க முனகுவாங்க. விடாதீங்க.

மர்டர்பால்னு பியெல்சா போடுற ட்ரெயினிங் ஆட்டத்தைப் பத்தி எல்லாரும் கேப்பாங்க. வாரத்துல நடுவுல ஒரு நாள், ஃபுல் கிரவுண்ட்ல பதினொண்ணுக்குப் பதினொண்ணு, ஆட்டம் நிக்கவே நிக்காது. த்ரோ-இன் கிடையாது, கார்னர் கிடையாது, ஃபவுல் விசில் கிடையாது. பால் வெளிய போனா சுத்தி நிக்கிற கோச்சுங்க அடுத்த நொடியே இன்னொரு பாலை உள்ள போட்டுடுவாங்க, ஓடு ஓடுன்னு கத்திக்கிட்டே. மேட்ச்ல கூட பால் அவ்ளோ நேரம் உயிரோட இருக்காது, அதனால மேட்ச் அன்னைக்கு ஆட்டம் மெதுவா போற மாதிரி தெரியுமாம் ஆளுங்களுக்கு. நீங்க போடுறதா இருந்தா கையில ஏழெட்டு பாலாவது இருக்கணும், ஓரத்துல பால் போட நாலு பேர் வேணும், இல்லன்னா அது மர்டர்பால் இல்ல, சும்மா கத்தல். மூணு நிமிஷம் ஒரு ரவுண்ட், நடுவுல நல்ல ஓய்வு, புதுசா ஆரம்பிக்கிற டீமுக்கு மூணு ரவுண்டுக்கு மேல வேணாம். மேட்ச்சுக்கு ரெண்டு நாள் முன்னாடிக்கு அப்புறம் போடவே போடாதீங்க. சித்திரை வெயில்ல மதியம் போடுறேன்னு யாராவது கிளம்பினா நானே வந்து விசிலைப் பிடுங்கிடுவேன்.

எதிர் டீமைப் படிக்கிறது இந்த முறைல சோம்பேறித்தனம் பண்ண முடியாத பகுதி, ஏன்னா எத்தனை ஸ்டிரைக்கர்னே தெரியாம எப்படி கணக்கு போடுவீங்க. 2019 ஜனவரில எதிர் டீமான டெர்பி கவுன்ட்டி ட்ரெயினிங் கிரவுண்ட் வெளிய வேவு பாத்த லீட்ஸ் ஆளு ஒருத்தர் மாட்டினது பெரிய சர்ச்சை ஆச்சு. பியெல்சா பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல லேப்டாப்ல ஸ்லைடு போட்டு காட்டினார், டெர்பி முந்தின சீசன்ல ஆடின 51 மேட்சும் பாத்தோம், ஒவ்வொண்ணுக்கும் நாலு மணி நேரம் ஆச்சுன்னு. லீக் கிளப்புக்கு போட்ட 2 லட்சம் பவுண்ட் அபராதத்தை தன் கைல இருந்து கட்டினார். அப்புறம் நடந்த கூத்து என்னன்னா, அதே சீசன்ல பிரீமியர் லீக் போக கடைசி வாய்ப்பான பிளேஆஃப் அரையிறுதில அதே டெர்பிகிட்ட தோத்தாங்க. வெளிய போய் ஜெயிச்சுட்டு, சொந்த கிரவுண்ட்ல 4-2. உங்களுக்கு 51 வேணாம். ஒரு மேட்ச் நேர்ல போய்ப் பாருங்க, ஒளிஞ்சு இல்ல, டிக்கெட் இருந்தா எடுத்து. எத்தனை ஸ்டிரைக்கர், எவன் வேகம், எந்த சென்டர் பேக்குக்கு இடது கால் வராது, கோல்கிக் எங்க அடிக்கிறான். நாலு கேள்வி, அதுக்கு மேல எழுதினா பசங்க படிக்க மாட்டாங்க.

எங்க இதைப் பண்ணக்கூடாதுன்னும் சொல்லணும். உங்ககிட்ட பதிமூணு பேர்தான் இருக்காங்க, அதுல ரெண்டு பேருக்கு முட்டி வலின்னா சீசன் முழுக்க இதை ஆட முடியாது. லீட்ஸே தாங்கல. பியெல்சாவுக்கு பெரிய ஸ்குவாட் பிடிக்காது, சின்ன கூட்டம், கூட யூத் டீம் பசங்க போதும்னு இருப்பார். பிரீமியர் லீக்ல முதல் சீசன் 59 பாயிண்ட், 9வது இடம், பிரமாதம். ரெண்டாவது சீசன்ல ஃபிலிப்ஸ், பாம்ஃபோர்ட், கேப்டன் லியாம் கூப்பர்னு முதுகெலும்பே காயத்துல உக்காந்துச்சு, அவர் ஆட்டத்தை மாத்தல. 2022 பிப்ரவரில மட்டும் அஞ்சு மேட்ச்ல 20 கோல் வாங்கினாங்க, டாட்டன்ஹாம்கிட்ட 4-0 தோத்த மறுநாள் வேலை போச்சு. பில்பாவ்லயும் 2012ல யூரோப்பா லீக் ஃபைனல், ஸ்பெயின் கப் ஃபைனல் ரெண்டும் வந்து ரெண்டுமே 3-0 தோல்வி, அந்த சீசன் கடைசில அந்தப் பசங்க காலைப் பாத்தாலே தெரியும். அந்தப் பிடிவாதத்தை மரியாதையோட தள்ளி வச்சுடுங்க. காயம் அதிகமானா நாலு வாரத்துக்கு ஸோனுக்கு மாறுங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

ரெட் கார்டு வந்தாலும் அதேதான், ஒரு ஆள் குறைஞ்சா கணக்கே உடையும். 2021 ஏப்ரல்ல மான்செஸ்டர் சிட்டி கிரவுண்ட்ல கூப்பர் வெளிய போனப்போ லீட்ஸ் கூட பின்னாடி இறங்கி கூட்டமா நின்னுச்சு. சிட்டி 29 ஷாட் அடிச்சாங்க, லீட்ஸ் மொத்தமே 2 ஷாட், ரெண்டும் டல்லஸ், ரெண்டும் கோல், 2-1. அதை ஒரு திட்டம்னு நம்பிடாதீங்க, ஆனா பத்து பேர் ஆனப்புறம் எல்லாரையும் போய்ப் பிடிக்கக்கூடாதுன்னு அவருக்கே தெரியும்.

ஒழுக்கம் விஷயத்துல எடுத்துக்க வேண்டியதும் இருக்கு, விட வேண்டியதும் இருக்கு. தினமும் எடை பாக்குறது, கிராம் கணக்குல சாப்பாடு, இதெல்லாம் சம்பளம் வாங்குற ஆளுங்களுக்கு, வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் ஆட வர்றவன்கிட்ட காட்டாதீங்க. லீட்ஸ் வந்த புதுசுல ஆளுங்களை மூணு மணி நேரம் குப்பை பொறுக்க வச்சாராம், ஒரு ரசிகன் டிக்கெட் வாங்க அவ்ளோ நேரம் உழைக்கணும்னு புரிய. ட்ரெயினிங் முடிஞ்சு கோன், பிப், தண்ணி பாட்டில் எல்லாத்தையும் சீனியருங்க முதல்ல எடுக்கணும்னு ஒரு ரூல் போட்டா அதுவே போதும். 2019 ஏப்ரல்ல ஆஸ்டன் வில்லா ஆளு காயம்பட்டு கிடக்கும்போது லீட்ஸ் மிட்ஃபீல்டர் கிளிக் கோல் போட்டுட்டான், பெரிய தள்ளுமுள்ளு, பியெல்சா தன் டீமையே ஒதுங்கி நின்னு ஒரு கோல் விட்டுக் கொடுக்கச் சொன்னார். ஃபீஃபா ஃபேர் பிளே விருது கிடைச்சுச்சு. பிளேஆஃப் ஆடாம நேரா பிரீமியர் லீக் போக இருந்த கடைசி நூலும் அன்னைக்கு அறுந்துச்சு. உங்க டீம்ல அதை செய்ற தைரியம் உங்களுக்கு இருக்கான்னு மேட்ச் நாள்ல யோசிக்காதீங்க, சீசன் ஆரம்பத்துலயே பசங்ககிட்ட பேசிடுங்க.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், இதை விட்டா மேல சொன்னது எல்லாம் எழுபதாவது நிமிஷம் வரைக்கும்தான் வேலை செய்யும். எதிர் டீம் பின்தங்கி இருந்தா கட்டாயம் இன்னொரு ஸ்டிரைக்கரை இறக்குவாங்க, அப்போ உங்க ஃப்ரீ ஆளு காணாம போயிடுவான், ரெண்டுக்கு ரெண்டு ஆயிடும். நீங்க டச்லைன்ல கத்துறது யாருக்கும் கேக்காது. அதனால எண்ணுற வேலையை ஃப்ரீயா நிக்கிற சென்டர் பேக்கிட்ட கொடுங்க, எதிர் டீம் ஆள் மாத்துற ஒவ்வொரு தடவையும் அவன் கையைத் தூக்கி ஒரு விரலோ ரெண்டு விரலோ காட்டணும். ரெண்டு விரல்னா நடு மிட்ஃபீல்டர் கேள்வி கேக்காம பின்னாடி இறங்கணும், ஃபுல்பேக் ரெண்டு பேரும் ஒரு படி மேல ஏறணும், மிட்ஃபீல்ட் ஜோடியை உடனே மாத்திக்கணும். இதை மட்டும் வாரம் ஒரு தடவை, நடந்துக்கிட்டே, பால் இல்லாம, பத்து நிமிஷம் பழக்குங்க.